பிரிஸ்டல் புழு

1951-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தை ஒட்டிய ஓரிடத்தில் காளான் வளர்ப்புக்காக மக்க வைத்திருந்த உரத்திலிருந்து எல். என். ஸ்டானிலேண்ட் என்பவர் சில நூற்புழுக்களைப் பிரித்தெடுத்தார். நீளம் ஒரு மில்லிமீட்டர். பாக்டீரியாவைத் தின்று வாழ்பவை. பயிருக்கும் மனிதருக்கும் தீங்கு செய்யாதவை. அறிவியல் பெயர் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ். புழங்குவோர் வாயில் சி. எலிகன்ஸ், அல்லது வெறுமனே ‘புழு’. அன்று பிரித்தெடுத்த அந்தப் புழுக்களின் வாரிசுகள் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வகங்களில் வளர்கின்றன. 2002, 2006, 2008, 2024 என நான்கு முறை நோபல் பரிசு இவற்றை வைத்துச் செய்த வேலைக்குப் போயிருக்கிறது.

பரிசுக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப்படுவது இந்தப் புழு பயணப்பட்ட விதம். பிரிஸ்டலிலிருந்து கலிபோர்னியா, அங்கிருந்து கேம்பிரிட்ஜ், பிறகு உலகம் முழுவதும். கைமாறிய ஒவ்வொரு முறையும் ஒருவர் கேட்டிருக்கிறார், இன்னொருவர் கொடுத்திருக்கிறார். இன்று ‘திறந்த அறிவியல்’ என்று யுனெஸ்கோ 2021-இல் உலக நாடுகளுக்குப் பரிந்துரையாக எழுதி வைத்த விழுமியங்கள் பலவற்றையும், அப்படியொரு பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே நடைமுறையாகவே வாழ்ந்து காட்டியவர்கள் இந்தப் புழுவை வளர்த்தவர்கள்.

இந்த இனத்தை முதலில் விவரித்தவர் அல்ஜியர்ஸ் நகரத்தில் நூலகராக இருந்த எமில் மோப்பா. 1900-இல், அங்குள்ள மண்ணில் கண்டதை எழுதி வைத்தார். அதன் பிறகு அரை நூற்றாண்டு பெரிதாக யாரும் சீந்தவில்லை. ஸ்டானிலேண்ட் எடுத்த பிரிஸ்டல் புழு வார்விக் நிக்கலஸ் என்ற ஆய்வாளர் வழியாகக் கலிபோர்னியாவில் எல்ஸ்வொர்த் டோஹர்ட்டியிடம் போய்ச் சேர்ந்தது. டோஹர்ட்டிக்கு இந்தப் புழுக்கள்மேல் தீராத பற்று. இவற்றை எதில் வளர்க்கலாம், என்ன ஊட்டலாம், மரபியல் ஆய்வுக்கு இவை ஒத்துவருமா என்று ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அந்த உழைப்பின் பலனைப் பார்க்காமலே 1965-இல் இறந்துபோனார். புழுவின் வரலாற்றில் அவர் பெயர் பெரும்பாலும் ஒரு வரியோடு கடந்துபோகிறது. நியாயமாக அவருக்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு. ஏனென்றால் 1963-இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஒருவர் கடிதம் எழுதிப் புழுவைக் கேட்டபோது, எடுத்து அனுப்பி வைத்தவர் அவர்தான்.

கேட்டவர் சிட்னி பிரென்னர். தென்னாப்பிரிக்காவில் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். மரபணுச் செய்தி புரதமாக மாறும் வழியைக் கண்டறிந்த கூட்டத்தில் ஒருவராக ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தார். அந்த ஆண்டு தன் ஆய்வகத் தலைவர் மேக்ஸ் பெருட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மூலக்கூறு உயிரியலின் பழைய கேள்விகள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன, இனி உடல் வளர்ச்சியையும் நரம்பு மண்டலத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். ஈயும் எலியும் இதற்குச் சிக்கலானவை. செல்களை எண்ணி முடிக்கக்கூடிய ஒரு விலங்கு வேண்டும். வளர்ந்த புழுவின் உடலில் 959 செல்கள், அவற்றில் 302 நரம்பு செல்கள். இந்த எண்ணிக்கை புழுவுக்குப் புழு மாறுவதில்லை. டோஹர்ட்டி அனுப்பியதிலிருந்து பெருக்கிய கால்வழிக்குப் பிரென்னர் வைத்த குறி ‘என்2’. உலகெங்கும் ‘இயல்பான புழு’ என்றால் இன்றுவரை என்2-தான்.

இந்தப் புழு பகிர்ந்துகொள்வதற்கென்றே பிறந்ததோ என்று தோன்றும். பெரும்பாலான புழுக்கள் இருபாலிகள்; தன் முட்டையைத் தானே கருவுறச் செய்துகொள்ளும். ஒரே ஒரு புழு கிடைத்தால் போதும், முந்நூறு குஞ்சுகள் பொரியும். மூன்று நாளில் அடுத்த தலைமுறை தயார். உள்ளங்கையில் அடங்கும் அகர் தட்டில் கொஞ்சம் ஈ. கோலை பாக்டீரியாவைப் பூசிவிட்டால் அதுதான் மேய்ச்சல் நிலம். இடம் மாற்ற ஒரு பிளாட்டினக் கம்பி போதும். ஒரு முனையைக் கண்ணாடிக் குழாயில் பொருத்தி, மறுமுனையைச் சுத்தியால் தட்டிக் கரண்டிபோல் தட்டையாக்கியிருப்பார்கள். கம்பியைத் தீயில் காட்டி ஆறவைத்து, நுனியில் பசைபோலக் கொஞ்சம் பாக்டீரியாவைத் தொட்டுக்கொண்டு, நுண்ணோக்கியில் பார்த்தபடி புழுவின் மேல் மெல்ல ஒற்றினால் அது ஒட்டிக்கொண்டு வரும். அகரைக் கீறாமல், புழுவைக் குத்தாமல் இதைச் செய்யக் கை பழக வேண்டும்.

உணவு தீர்ந்து கூட்டம் பெருத்துவிட்டால் இளம்புழுக்கள் ‘டவர்’ என்ற நிலைக்குப் போகும். வாய் மூடிக்கொள்ளும், தோல் தடிக்கும், மாதக்கணக்கில் உண்ணாமல் தாங்கும். அதாவது, தட்டை ஒட்டு நாடாவால் சுற்றி உறையில் போட்டு அஞ்சலில் அனுப்பினால், வழியில் பட்டினி கிடந்தாலும் உயிரோடு போய்ச் சேரும். பெறுபவர் அகரில் ஒரு துண்டை வெட்டிப் புதிய தட்டில் கவிழ்த்தால் போதும். சில மணி நேரத்தில் புழுக்கள் எழுந்து மேயத் தொடங்கும். இவற்றோடு இன்னொரு வசதியும் சேர்ந்தது. 1969-இல் பிரென்னரின் ஆய்வகத்தில் சேர்ந்த ஜான் சல்ஸ்டன் என்ற இளைஞர், பசித்த இளம்புழுக்களைக் கிளிசரால் கலந்த திரவத்தில் உறையவைத்து, திரவ நைட்ரஜனில் வைத்தால் ஆண்டுகள் கழித்தும் உயிர்த்தெழும் என்று காட்டினார். ஈ வளர்ப்பவர்கள் தங்கள் கால்வழிகளைச் சில வாரங்களுக்கு ஒரு முறை புட்டி மாற்றிக் காக்க வேண்டியிருந்தது. புழுக்காரர்களுக்கு அந்தத் தொல்லை விட்டது. எடுத்துக் கொடுத்தாலும் குறையாத சேமிப்பு ஒன்று அவர்கள் கையில் இருந்தது.

ஆனால் குறையாது என்பதாலேயே மனிதர்கள் கொடுத்துவிடுவதில்லை. 1974-இல் பிரென்னர் புழுவின் மரபியல் பற்றித் தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டபோது, ரசாயனத்தால் பிறழ்வு ஏற்படுத்திய சுமார் 300 கால்வழிகள் அவரிடம் இருந்தன. நெளிய முடியாதவை, குட்டையானவை, சுருண்டு உருள்பவை எனப் பலவகை. பத்தாண்டு உழைப்பு. அவற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தால் அடுத்த இருபதாண்டுக்கு அந்தத் துறையே அவர் வீட்டுத் தோட்டமாக இருந்திருக்கும். அவர் வைத்துக்கொள்ளவில்லை. கேம்பிரிட்ஜில் பயின்று கிளம்பிய ராபர்ட் ஹார்விட்ஸ், ராபர்ட் வாட்டர்ஸ்டன், டான் ரிடில், மார்ட்டின் சால்ஃபி போன்றோர் அமெரிக்காவில் ஆளுக்கொரு இடத்தில் ஆய்வகம் தொடங்கியபோது பிரென்னரின் புழுக்களும் கூடவே போயின. இப்படிக் கொடுக்கும் வழக்கத்தை இவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பழ ஈ ஆய்வாளர்கள் 1930-களிலேயே கால்வழிகளைப் பரிமாறிக்கொள்ளச் செய்தி மடல் நடத்தியவர்கள். அந்த வழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒழுங்கும் விதியும் செய்ததுதான் புழுக்காரர்களின் பெருமை.

1975 டிசம்பரில், கலிபோர்னியாவின் சான்டா க்ரூஸில் இருந்த பாப் எட்கர் ‘புழு வளர்ப்போர் கெசட்’ என்ற மடலைத் தொடங்கினார். அதில் முடிந்த ஆய்வைவிட முடியாத ஆய்வே அதிகம். ‘இந்த மரபணு இந்தக் குரோமோசோமில் இருக்கும்போலத் தெரிகிறது’, ‘இந்த முறையில் முயன்றேன், சரிவரவில்லை’ என்கிற ரகம். ஆய்விதழ் எதுவும் அச்சிடாத செய்திகள் இவை. ஆனால் இன்னொரு ஆய்வகம் ஓர் ஆண்டை வீணாக்காமல் காப்பாற்றுபவை. திறந்துவைத்தால் திருடு போகாதா? அதற்கும் மடலிலேயே விதி இருந்தது: இதில் உள்ளதைத் தனிப்பட்ட உரையாடலாகக் கருத வேண்டும், எழுதியவரின் சம்மதம் இல்லாமல் மேற்கோள் காட்டக் கூடாது. வழக்கறிஞரும் ஒப்பந்தமும் இல்லாமல், இந்த ஒரு வரியும் ‘மீறினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்’ என்ற கூச்சமும் சேர்ந்து காவல் காத்தன. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறு கூட்டம் என்பதும் இதற்கு உதவியது. அதை மறைக்க வேண்டியதில்லை.

பெயரிடும் முறையிலும் இதே நேர்மையைப் பார்க்கலாம். ‘சிபி1370’ என்று ஒரு கால்வழி உண்டு. ‘சிபி’ என்றால் கேம்பிரிட்ஜ் ஆய்வகம். அதில் இருக்கும் பிறழ்வின் பெயர் டாஃப்-2 (இ1370). அந்த ‘இ’ என்ற எழுத்தும் கேம்பிரிட்ஜுக்கு உரியது. ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் இப்படி ஒரு குறி. தாங்கள் உருவாக்கும் புழுவுக்கு அதைத்தான் இட வேண்டும். 1993-இல் சிந்தியா கென்யான் இந்த மரபணு பிறழ்ந்த புழு இரு மடங்கு காலம் வாழ்கிறது என்று காட்டி, முதுமை ஆய்வையே புரட்டிப்போட்டார். இன்று எந்த நாட்டில் யார் அந்தப் புழுவைப் பயன்படுத்தினாலும், எழுதும் பெயரிலேயே அது பிறந்த இடம் சேர்ந்து வருகிறது. கொடுத்தவரை மறக்க முடியாத ஏற்பாடு இது. பகிர்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் தாராள மனத்தைப் பற்றிப் பேசி நிறுத்திவிடுகிறார்கள். பெயர் எழுதும் முறை, பட்டியல், உறைவிப்பான், அஞ்சல் செலவு இவையெல்லாம் சேர்ந்தால்தான் தாராள மனம் நடைமுறையில் நிற்கும் என்பதைப் புழுவின் கதை அழுத்தமாகச் சொல்கிறது.

1970-களின் இறுதியில் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் பணம் கொடுக்க, மிசௌரி பல்கலைக்கழகத்தில் டான் ரிடில் பொறுப்பில் புழுக்களுக்கென ஒரு பொது இருப்பு மையம் உருவானது. 1992-இல் மினசோட்டாவுக்கு இடம் மாறியது. இன்று இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கால்வழிகள் அங்கே உறைந்து கிடக்கின்றன. கட்டுரை வெளியானதும் அதில் பயன்படுத்திய புழுக்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது வழக்கமாயிற்று. வேண்டியவர் சிறு கட்டணம் கட்டினால் வீடு தேடி வரும். மூத்த பேராசிரியருக்கும் நேற்றுத் தொடங்கிய ஆய்வகத்துக்கும் ஒரே புழு, ஒரே விலை. கொடுத்தவரிடம் போய்த் தயவு கேட்டு நிற்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். தனிப்பட்ட நட்பில் ஓடிய பகிர்வு, நட்பு இல்லாதவருக்கும் எட்டும் உரிமையாக மாறியது இந்த மையத்தால்தான்.

இனி சல்ஸ்டன். பாதிரியார் ஒருவரின் மகன், எளிமையானவர், பேச்சைவிடக் கண் அதிகம் வேலை செய்தவர். ஒற்றைக் கருமுட்டையிலிருந்து முழுப் புழுவாக ஆகும்வரை ஒவ்வொரு செல்லும் எப்போது பிரிகிறது, எதுவாகிறது என்று பார்த்துவிடத் துணிந்தார். புழுவின் உடல் ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் உயிரோடேயே பார்க்கலாம். லார்வா நிலையில் நடப்பதை ஹார்விட்ஸும் அவரும் 1977-இல் வெளியிட்டார்கள். கருவுக்குள் நடப்பது இன்னும் கடினம். செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நகர்கின்றன. சிறிய அறையில் நுண்ணோக்கி முன் காலையில் நான்கு மணி நேரம், பிற்பகலில் நான்கு மணி நேரம், சுமார் ஒன்றரை ஆண்டு. கேமராவை நம்பாமல் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்துகொண்டார். 1983-இல் முழு வம்சாவளியும் வெளியானது. மொத்தம் 1090 செல்கள் பிறக்கின்றன; 131 செல்கள் குறித்த நேரத்தில் தாமாகவே இறக்கின்றன. இறப்பும் மரபணுவின் திட்டம்தான் என்ற புரிதலுக்கு இந்த வரைபடம் வாசலைத் திறந்தது. 2002 நோபல் பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும்.

அடுத்து சல்ஸ்டன் கை வைத்தது டிஎன்ஏ-வில். ஆலன் கோல்சனுடன் சேர்ந்து புழுவின் முழு டிஎன்ஏ-வையும் துண்டுதுண்டாக வெட்டி, பாக்டீரியாவுக்குள் ஏற்றிப் பெருக்கி, எந்தத் துண்டு எந்தத் துண்டின் மேல் கவிகிறது என்று பார்த்துப் பொருத்தி வரைபடம் தயாரிக்கத் தொடங்கினார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸிலிருந்து வாட்டர்ஸ்டன் சேர்ந்துகொண்டார். ஏதோ ஒரு மரபணுவைத் தேடும் ஆய்வகம் கேட்டால், அந்தப் பகுதித் துண்டுகளை இவர்கள் கட்டணமில்லாமல் அனுப்புவார்கள். வாங்கியவர் தன் மரபணு எங்கே இருக்கிறது என்று கண்டதும் திருப்பிச் சொல்வார். அது வரைபடத்தில் ஏறும். வரைபடம் செறிவாக ஆக ஆக, அடுத்தவர் தன் மரபணுவைக் கண்டுபிடிப்பது எளிதாகும். வரைபடத்தை முடித்துவிட்டுத்தான் காட்டுவேன் என்று சல்ஸ்டன் இருந்திருந்தால் அது முடிந்திருக்காது. 1989-இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் நடந்த புழு மாநாட்டில் அந்த வரைபடத்தை அரங்கின் பின்சுவரில் நீளமாக ஒட்டி வைத்தார்கள். வந்தவர்கள் அருகில் போய்த் தங்கள் மரபணுவைத் தேடினார்கள். அப்போது அமெரிக்க அரசின் மனித மரபணுத் திட்டத்தின் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் வாட்சனும் அதைப் பார்த்தார். புழுவின் டிஎன்ஏ-வை முழுதும் எழுத்தெழுத்தாகப் படிக்கப் பணம் வந்தது.

கேம்பிரிட்ஜ் அருகே ஹிங்ஸ்டனில் டிஎன்ஏ வரிசை படிக்கும் சாங்கர் மையம் 1993-இல் திறந்தது. சல்ஸ்டன் அதன் இயக்குநர். பகலில் படித்த டிஎன்ஏ வரிசையை அன்றிரவே பொதுக் கணினித் தளத்தில் ஏற்றிவிடுவது சாங்கரும் செயின்ட் லூயிஸும் புழுவுக்காகப் பழகிக்கொண்ட வழக்கம். சரிபார்ப்பு முடியாத வரைவுதான், இருந்தாலும் போட்டார்கள். எங்கோ ஒருவருக்கு இன்றே தேவைப்படலாம்.

1996 பிப்ரவரி இறுதியில் பெர்முடா தீவில் மனித மரபணுத் திட்டத்தின் முன்னணி ஆய்வகங்கள் கூடின. அதுவரை அமெரிக்காவில் இருந்த விதி, தரவை ஆறு மாதத்துக்குள் வெளியிட்டால் போதும் என்பது. மனிதனின் மரபணு விஷயத்தில் ஆறு மாதம் என்பது ஒரு காப்புரிமை விண்ணப்பத்துக்குப் போதுமான அவகாசம். புழுவில் செய்ததை மனிதனிலும் செய்வோம் என்று சல்ஸ்டனும் வாட்டர்ஸ்டனும் வாதாடினார்கள். சல்ஸ்டன் எழுந்துபோய் வெள்ளைப் பலகையில் சில வரிகள் எழுதினார். ஆயிரம் எழுத்துக்கு மேல் நீளமுள்ள எந்த வரிசையும் தானாகவே, கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் வெளியாக வேண்டும். முடிந்த வரிசைகளை உடனடியாக வெளியிட வேண்டும். முழு வரிசையும் ஆய்வுக்கும் தயாரிப்புக்கும் பொதுச்சொத்தாக இருக்க வேண்டும். தயக்கங்கள் இருந்தன, ஆனால் கூட்டம் ஒப்புக்கொண்டது. ‘பெர்முடா கோட்பாடுகள்’ என்று மரபணு அறிவியலில் இன்றும் சொல்வது அந்தப் பலகையில் இருந்த வரிகளைத்தான்.

1998 மே மாதம் செலெரா என்ற தனியார் நிறுவனம் கிரெய்க் வென்டர் தலைமையில் மனித மரபணுவைத் தானே விரைவாகப் படித்து முடிப்பதாக அறிவித்தது. அதன் தரவு முழுக்க எல்லோருக்கும் கட்டற்றுக் கிடைக்காது. பொதுத் திட்டமோ தன் தரவை அன்றன்றே திறந்து வைத்துக்கொண்டிருந்தது. செலெராவும் அதை எடுத்துப் பயன்படுத்தியது. எதிராளிக்கும் கொடுத்துக்கொண்டே ஓடுகிற ஓட்டம் இது. சல்ஸ்டன் கதவைச் சாத்தச் சம்மதிக்கவில்லை. 2000 ஜூன் 26 அன்று இரு தரப்பும் சேர்ந்து முதல் வரைவை அறிவித்தன. மனித இனத்தின் மரபணு வரிசை இன்று எந்த மாணவரும் காசில்லாமல் தரவிறக்கிக்கொள்ளக்கூடியதாக இருப்பதற்கு இந்தப் பிடிவாதம் பெருங்காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஓட்டத்துக்கு நடுவே, 1998 டிசம்பரில், புழுவின் மரபணுத் தொகுதி வெளியாகியிருந்தது. 9.7 கோடி எழுத்துகள், 19,000-க்கு மேற்பட்ட மரபணுக்கள். பல செல் விலங்குகளில் முழுமையாகப் படிக்கப்பட்ட முதல் உயிர் இந்தப் புழுதான்.

திறந்து கொடுப்பதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு 1992 ஜூன் மாதத்தைச் சுட்டிக்காட்டலாம். விக்டர் ஆம்ப்ராஸும் கேரி ரவ்குனும் ஹார்விட்ஸின் ஆய்வகத்தில் ஒன்றாக வேலை செய்தவர்கள். பிறகு தனித்தனி ஆய்வகம். ஆம்ப்ராஸிடம் லின்-4 என்ற மரபணு, ரவ்குனிடம் லின்-14. முதலாவது இரண்டாவதை அடக்குகிறது என்று தெரியும். எப்படி என்று தெரியாது. ரோசலிண்ட் லீயும் ரோண்டா ஃபைன்பாமும் ஆம்ப்ராஸின் ஆய்வகத்தில் லின்-4 மரபணுவைச் சுருக்கிக்கொண்டே போய்ப் பார்த்தால், அது எந்தப் புரதத்தையும் ஆக்கவில்லை. வெறும் 22 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு ஆர்என்ஏ. இப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. வெளியிடாத அந்த வரிசையை ரவ்குனுக்குக் கொடுத்தார் ஆம்ப்ராஸ். ரவ்குன் தன் வரிசையை அவருக்குக் கொடுத்தார். இருவரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். லின்-4 துண்டின் எழுத்துகள் லின்-14 செய்தியின் வால்பகுதியில் பல இடங்களில் இணை சேர்ந்தன. இருவருக்கும் ஒரே விஷயம் தெரிந்தது. 1993-இல் ஒரே இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள். 2000-இல் ரவ்குனின் ஆய்வகம், இப்படிப்பட்ட இன்னொரு நுண் ஆர்என்ஏ மனிதன் உட்பட எத்தனையோ விலங்குகளிலும் இருப்பதைக் காட்டியது. 2024 நோபல் இருவருக்கும். ஒருவர் மட்டும் தன் பாதியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தால், விடை இருவர் கையிலும் பாதிபாதியாகக் கிடந்திருக்கும்.

ஆனால் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. ஜெல்லி மீனின் உடலில் பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்று உண்டு. அதன் மரபணுவை 1992-இல் பிரித்தெடுத்தவர் டக்ளஸ் பிராஷர். தொடர்ந்து ஆராய நிதி கிடைக்காத நிலையில், மரபணுவைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். வாங்கிய மார்ட்டின் சால்ஃபி அதைப் புழுவின் தொடு உணர்வு நரம்பு செல்களில் ஏற்றி, உயிருள்ள புழுவுக்குள் அந்த செல்கள் பச்சையாக ஒளிர்வதை 1994-இல் காட்டினார். இன்று உயிரியலில் அந்தப் பச்சை ஒளி இல்லாத மூலையே இல்லை. 2008-இல் வேதியியல் நோபல் ஒசாமு ஷிமோமுரா, சால்ஃபி, ரோஜர் சியென் மூவருக்கும் போனபோது, பிராஷர் அலபாமாவில் ஒரு கார் விற்பனைக் கடையில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியெனும் அவரை ஸ்டாக்ஹோம் விழாவுக்கு அழைத்துப் போனார்கள். பின்னாளில் சியென் தன் ஆய்வகத்தில் வேலையும் கொடுத்தார். அவர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் பகிர்வைப் போற்றுகிற எவரும் இந்தக் கதையைத் தாண்டிக் குதித்துப் போகக் கூடாது. கொடுத்தவருக்கு நிரந்தர வேலையும் அடுத்த ஆண்டுக்கான நிதியும் உறுதியாக இருந்தால் கொடுப்பது சுலபம். இவை இல்லாதவரிடம் ‘திறந்து வை’ என்று உபதேசிக்கும் உலகம், அவர் சோற்றுக்கு என்ன வழி செய்திருக்கிறது என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். யுனெஸ்கோ பரிந்துரை தரத்தோடும் பொது நன்மையோடும் சேர்த்து நியாயத்தையும் சமத்துவத்தையும் விழுமியமாக எழுதியிருப்பது இதனால்தான் முக்கியம்.

புழுவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு திருத்தம். என்2 புழுக்கள் தனித்தனியே மேய்பவை. வேறு இடங்களில் பிடித்த காட்டுப் புழுக்கள் பல கூட்டமாகக் குவிந்து மேய்பவை. 1998-இல் மரியோ டி போனோவும் கோரி பார்க்மேனும் இந்த வேறுபாடு என்பிஆர்-1 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் வருவது என்று காட்டினார்கள். இயற்கையில் இருவகைப் புழுக்கள் இருக்கின்றன என்றுதான் எல்லோரும் அப்போது புரிந்துகொண்டார்கள். 2009-இல் பார்க்மேனின் ஆய்வகத்திலிருந்தே வந்த இன்னொரு கட்டுரை, அந்த மாற்றம் இயற்கையில் நேர்ந்ததல்ல, ஆய்வகத் தட்டில் நேர்ந்தது என்று நிறுவியது. 1951-இலிருந்து 1969-இல் உறையவைக்கும் வரை தலைமுறை தலைமுறையாகத் தட்டில் வளர்ந்ததில் பிரிஸ்டல் புழு வீட்டு விலங்காகிப் போயிருந்தது. அதே பிரிஸ்டல் உரத்தில் தொடங்கி, டோஹர்ட்டி வழியில் திரவத்திலேயே வளர்த்துவந்த ஓர் உடன்பிறப்புக் கால்வழியிலும், உலகின் பல பாகங்களில் பிடித்த காட்டுப் புழுக்களிலும் பழைய எழுத்து அப்படியே இருந்தது. ‘இயல்பு’ என்று ஊரே வைத்திருந்த அளவுகோலே விலகியது என்று ஒருவர் தன் ஆய்வகத்திலிருந்தே சொல்ல முடிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய புழுக்கள் யாருடைய பெட்டியிலும் பூட்டிக் கிடக்காமல், கேட்டால் கிடைக்கும் இடத்தில் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. திறந்து வைப்பதன் முதல் நோக்கம் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு பிடிபடுவதுதான் முதல் நோக்கம் என்பேன்.

 

தமிழ்நாட்டுக்கும் புழு வந்து சேர்ந்திருக்கிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் நோய்க்கிருமிகள் உடலைத் தாக்கும் விதத்தை இதில் ஆராய்கிறார்கள்; சென்னை ஐஐடியில் இனப்பெருக்க செல்கள் உருவாகும் விதத்தை ஆராய்கிறார்கள். எலிக்கூடமும் குளிர்பதன அறைகளும் கேட்கும் ஆய்வுகளோடு ஒப்பிட்டால் புழுவுக்கு ஆகும் செலவு சொற்பம். தட்டு, பாக்டீரியா, இருபது டிகிரி வெப்பத்தில் ஒரு பெட்டி, ஒரு நுண்ணோக்கி. மரபணு வரிசையும் செல் வம்சாவளியும் 302 நரம்பு செல்களின் இணைப்புப் படமும் இணையத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. கேம்பிரிட்ஜில் இருப்பவருக்கு இதில் கிடைப்பது எதுவோ அதுவே காரைக்குடியில் இருப்பவருக்கும் கிடைக்கிறது.

ஆனால் இதற்கெல்லாம் யாரோ தினமும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். மினசோட்டாவில் உறைவிப்பான்களுக்கு நைட்ரஜன் ஊற்ற வேண்டும். குழாய்களில் குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாரந்தோறும் வரும் நூற்றுக்கணக்கான கோரிக்கைகளுக்குத் தட்டு தயாரித்து அனுப்ப வேண்டும். வெளியாகும் புழுக் கட்டுரைகளை மனிதர்கள் படித்து ‘வோர்ம்பேஸ்’ என்ற தரவுத்தளத்தில் பதிவேற்றுகிறார்கள். நோபல் மேடையில் இவர்கள் ஏறுவதில்லை. 2016 வாக்கில் அமெரிக்க நிதி நிறுவனம் புழு, ஈ, எலி, ஈஸ்ட் போன்ற உயிர்களின் தரவுத்தளங்களுக்கான பணத்தைக் குறைக்க முனைந்தபோது, அவை ஒன்றுசேர்ந்து ஒரே கூட்டமைப்பாகத் தங்களை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. புதுக் கண்டுபிடிப்புக்குப் பணம் கேட்டால் கிடைக்கும். இருப்பதை எல்லோருக்கும் எட்டும்படி வைத்திருக்கப் பணம் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஏன் என்று கேட்கிறார்கள். இருப்பு மையத்தின் மானியமும் குறித்த ஆண்டுகளுக்கு ஒரு முறை விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டியதுதான். அந்த விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கத்தான், புழு வாங்குகிற ஒவ்வொருவரும் தன் கட்டுரையின் நன்றியுரையில் மையத்தின் பெயரையும் அதற்குப் பணம் தரும் அலுவலகத்தின் பெயரையும் மானிய எண்ணோடு எழுத வேண்டும் என்று மையம் கேட்டுக்கொள்கிறது.